கூரைக்காக எடுத்த படம்

பெர்ன்ஹில், ஊட்டி
14-11-2023

அன்புப் பேத்தி மெஹ்ரினுக்கு நன்னி சுரையா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமு பஷீரும் அவன் பிள்ளைகளும் இறைவன் கருணையில் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் எங்களோடு இல்லை, பனி விழுந்ததும் அது தனிக்குடித்தனம் போய்விட்டது. சென்னையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்காதே. போனில் சொன்னதை மறுநாள் ‘அப்படியா சொன்னேன்?’ என்பார்கள். உன்னைப் பெற்றவளே ஒரு நோன்புப் பெருநாளில் என்னிடம் அப்படிப் பேசியிருக்கிறாள். எழுதினால் அது நிற்கும்.

விஷயம் இதுதான். மழை பெய்தால் என் அடுப்படியில் மூன்று பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. நம் வீடும் பக்கத்து வீடும் ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு சுவர் என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவள் யார் என்பதும் தெரியும். உன் நன்னாவின் தம்பி பெண்டாட்டி, என் ஓரகத்தி நாஜ்னீன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் டிஷ் மாட்டுகிறேன் என்று கூரை மேல் யானை மாதிரி நடந்தான். அன்றைக்கு விழுந்த ஓட்டைதான் இது. அவள் பக்கம் விழுந்து, சரிவில் ஓடி, என் பக்கம் ஒழுகுகிறது. நான் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. உன் அம்மாவின் நிக்காஹ் பந்தியில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட, “அரிசி வேகலீங்களே” என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்த பச்சைச் சேலைகூட எனக்கு மறக்கவில்லை.

பறக்கிற கேமரா பற்றிப் போன தடவை சொன்னாயே. லீவுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. ஓட்டை யார் பக்கம் என்று மேலே இருந்து ஒரு படம் எடுத்துக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்காக ஐந்து வேளையும் கை ஏந்தும்,
நன்னி


சென்னை
25-11-2023

அன்புள்ள நன்னி,

வ அலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன். சாப்பாடு மெஸ்ஸில். உங்கள் கை ரசத்தை நினைத்துக்கொண்டே மெஸ் ரசத்தை விழுங்குகிறேன். முழங்காலுக்கு மாமுவிடம் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் நில அளவைக் கம்பெனியில் ட்ரோன் இருக்கிறது, ஆனால் அதை நான் தொட முடியாது. இப்போதைக்கு பேட்டரி சுமப்பதும், பறக்கும்போது பருந்து வருகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும்தான் என் வேலை. ஏப்ரலில் ஒருவரைப் பைலட் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சான்றிதழ் வாங்கினால் வேலை நிரந்தரம். எங்கள் தலைமை அதிகாரி பியாட்ரிஸ் மேடம் என் பெயரைத்தான் மனதில் வைத்திருக்கிறார்.

உங்கள் கூரைக்கு என் நண்பன் சாஜித்தின் சின்ன ட்ரோன் போதும். பதிவு எண் வாங்கிய ட்ரோன். அந்த எடைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் வேண்டாம். வியாபாரத்துக்கு என்றால் கட்டாயம் வேண்டும். நன்னி வீட்டுக் கூரையைப் பார்ப்பதில் என்ன வியாபாரம்? நம் சரிவில் பறக்கத் தடை இல்லை என்பதையும் அரசாங்க வரைபடத்தில் பார்த்துவிட்டேன். வெலிங்டன் ராணுவப் பக்கமோ குந்தா அணைப் பக்கமோ நீங்கள் கேட்டிருந்தால், என் நன்னியே ஆனாலும் மாட்டேன் என்றிருப்பேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் மடியில் தலை வைக்கக் காத்திருக்கும்,
மெஹ்ரின்


சென்னை
11-12-2023

அன்புள்ள நன்னி,

ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். கட்டிக் கொடுத்த மொறுமொறு வர்க்கி ரொட்டி மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். பெரிய படத்தில் பெர்ன்ஹில் சரிவு, தேயிலை, பாதி எழுந்த பனி, நடுவில் நம் கூரை எல்லாம் இருக்கிறது. ஒரு முற்றத்தில் மிளகாய் முறத்தோடு நீங்கள். பக்கத்து முற்றத்தில் வாளியோடு சின்ன நன்னி. சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறீர்கள். மேலே இருந்து பார்த்தால் நடுச்சுவர் ஒரு நூல் மாதிரிதான் தெரிகிறது.

சின்ன படம் கூரை மட்டும். ஓட்டை இருக்கிற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அது யார் பக்கம் என்று நான் எழுத மாட்டேன். நீங்களே பாருங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மெஹ்ரின்


பெர்ன்ஹில்
6-1-2024

அன்புப் பேத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புல்லின் மேல் உறைபனி உப்புக் கொட்டினது போல் கிடக்கிறது. மாமு கடையில் டீத்தூள் நன்றாகப் போகிறது. எல்லாரும் சுகம்.

பெரிய படத்தைப் பார்த்து வீடே அசந்து போனது. பறவைக்குக் கிடைக்கிற காட்சியை எனக்குக் கொடுத்துவிட்டாய். சின்ன படம் வந்தது. பீரோவில் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இங்கே இப்போது மழையும் இல்லை. அதை விடு.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இந்த வருஷம் கடைக் காலண்டருக்கு ரோஜாப்பூக் குழந்தை வேண்டாம், நம் பேத்தி எடுத்த படத்தைப் போடு என்று பஷீரிடம் சொன்னேன். பக்கத்து முற்றத்தில் நிற்கிறவளை மட்டும் வெட்டச் சொன்னேன். “அந்தப் பக்கத்தை வெட்டினா பாதி ஊடு போயிருமேம்மா” என்றான். சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேலே உன் படம். கீழே ‘பஷீர் டீ ஸ்டோர், சுத்தமான நீலகிரி டீத்தூள், வர்க்கி’. ஓரத்தில் ‘படம்: எங்கள் பேத்தி மெஹ்ரின்’. பஜாரில் எல்லாரும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

உன் அதிகாரி மேடத்துக்கும் ஆபீஸ் விலாசத்தில் பார்சல் போட்டிருக்கிறேன். ஒரு காலண்டர், ஒரு கிலோ வர்க்கி. நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று அந்தம்மாவுக்கும் தெரியட்டும்.

உன் பெயரைச் சுவருக்குச் சுவர் பார்த்து நிறையும்,
நன்னி


சென்னை
29-1-2024

அன்புள்ள நன்னி,

ஸலாம். என் உடம்பு நலம். மனம் கொஞ்சம் சரியில்லை. கோபம் இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பார்சல் வந்தது. பியாட்ரிஸ் மேடம் இரண்டு வர்க்கி சாப்பிட்டுவிட்டுத்தான் காலண்டரைப் பிரித்தார்.

“ரொம்ப நல்லா இருக்கே. யார் எடுத்தது?”

“நான்தான் மேடம்.”

“எதுக்கு எடுத்தே?”

“எங்க நன்னி வீட்டுக் கூரை ஓட்டையைப் பார்க்க.”

“அப்ப கீழே எதுக்கு டீத்தூள் இருக்கு?”

நன்னி, நான் பறக்கவிட்டது கூரைக்காகத்தான். ஆனால் படம் இப்போது கடைப் பெயரோடு சுவரில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் அந்த விளம்பரத்துக்காகவே நான் பறந்தேன் என்றுதான் நினைப்பார்கள். சான்றிதழ் இல்லாதவள் வியாபாரத்துக்குப் பறந்தாள், அவள் வேலை செய்வதும் ட்ரோன் கம்பெனியில் என்று யாராவது புகார் எழுதினால், கம்பெனியின் பெயரும் சேர்ந்து கெடும். மேடம் சத்தம் போடவில்லை. “மார்ச் முடியறதுக்குள்ள கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கு. ஒண்ணு விடாம வந்துருச்சுன்னு உன் வாயால சொல்லு. நான் பயிற்சிக்கு எழுதறேன். இல்லேன்னா இந்த வருஷம் வேற ஆள்தான்” என்றார்.

யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மாமுவிடம் கேட்டேன். “எழுதி வைக்கலையே கண்ணு” என்கிறார். இனி உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மெஹ்ரின்


பெர்ன்ஹில்
21-2-2024

என் கண்ணான பேத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரம் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை, நடை. முழங்கால் இப்போது என் பேச்சைக் கேட்கிறது, வேறு வழியில்லை அதற்கு.

முதலில் ஒரு கேள்வி. ஒரு காலண்டருக்காவது நாங்கள் காசு வாங்கினோமா? சும்மா கொடுத்தது எப்படி வியாபாரம் ஆகும்? இதைப் பஷீரிடம் கேட்டேன். “சும்மா குடுக்கறதே டீத்தூள் விக்கத்தானேம்மா” என்றான். என் வயிற்றில் பிறந்தவன் கடைக்காரனாகவே பேசுகிறான். சரி, சட்டம் அப்படியென்றால் அப்படி.

எழுதி வைக்கவில்லை என்று கவலைப்படாதே. நான் எதை மறந்தேன்? யார் வந்தார்கள், யார் ஒன்று கொடுத்தால் இரண்டு கேட்டார்கள், யார் வாங்கிக்கொண்டு டீத்தூளைப் பக்கத்துக் கடையில் வாங்கினார்கள் என்பதெல்லாம் என் தலையில் இருக்கிறது. கோயமுத்தூரில் விற்காமல் கிடந்த சுவிட்சர்லாந்து மலைக் காலண்டரைப் பஷீர் மொத்தமாகக் கொண்டுவந்தான். அதைக் கொடுத்துவிட்டு உன்னுடையதை வாங்கினோம். முட்டைக்கார அழகையா தன் பசு கன்று போடும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தான். “ஏனுங்க, ஊட்டிய எடுத்துக்கிட்டு சுவிட்சர்லாந்து தர்றீங்க. என்ற மாடு எந்த ஊர்ல கன்னு போடறதுங்க?” என்றான். அந்தத் தேதித்தாளைக் கிழித்துப் புதியதில் ஒட்டிக் கொடுத்தேன். கெஸியா டீச்சர் மட்டும் காரணம் கேட்டாள். “பேத்தி பரீட்சைக்கு” என்றேன். உடனே கழற்றிக் கொடுத்தாள். டீச்சர் அல்லவா.

குன்னூருக்குப் போன காலண்டரும் திரும்பி வந்துவிட்டது. அநேகமாக எல்லாம் வந்த மாதிரிதான். ஒன்று பாக்கி. உன் மாமு என்னைக் கேட்காமல், “சாச்சிக்குக் குடுக்காம எப்படிம்மா?” என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது. திரும்பக் கேட்கப் போனவனிடம், “கேக்க வேண்டியவ வந்து கேக்கட்டும்” என்று அனுப்பிவிட்டாளாம். நான் போக மாட்டேன். என் மாமியார் மௌத்தான வீட்டில் அவள் எனக்குப் பாய் விரிக்கவில்லை. என் பெருங்காய டப்பாவைக் கடன் வாங்கி மூடி மட்டும் கொடுத்தாள். அப்புறம் பந்தியில் சொன்ன சொல்.

ஒன்றுதானே. மேடத்திடம் சொல்லிப் பார்.

உன் நன்னி


சென்னை
4-3-2024

அன்புள்ள நன்னி,

ஸலாம். நீங்கள் நடந்ததைப் படித்தபோது அந்த முழங்காலில் முத்தமிட வேண்டும் போல் இருந்தது.

மேடத்திடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று விடாமல் வந்தது என்று என் வாயால் சொல்லச் சொன்னார். ஒன்றைச் சுவரில் வைத்துக்கொண்டு அதை என்னால் சொல்ல முடியாது. அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் போக வேண்டாம். உங்கள் மனதுக்கு ஒப்பாத படியை எனக்காக மிதிக்க வேண்டாம். அடுத்த வருஷம் வேறு பயிற்சி வராமலா போகும்? பேட்டரி சுமந்து எனக்குப் பழகிவிட்டது.

பெரிய படத்தின் பிரதி ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கடைப் பெயர் இல்லாதது. இது குடும்பப் படம், யார் வீட்டில் மாட்டினாலும் தவறில்லை. உங்களுக்குத்தான். நோன்பு வருகிறது. வெறும் தண்ணீரில் சஹர் சாப்பாட்டை முடித்துக்கொள்ளாதீர்கள்.

என்றும் உங்கள்,
மெஹ்ரின்


பெர்ன்ஹில்
20-3-2024

பேத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நோன்பு நன்றாகப் போகிறது.

இத்துடன் ஒரு காலண்டர் இருக்கிறது. இதுதான் கடைசி. ஒன்று விடாமல் வந்துவிட்டது என்று உன் மேடத்திடம் தலை நிமிர்ந்து சொல். எப்படி வந்தது என்று கேட்காதே.

நீ அனுப்பிய பிரதி இப்போது என்னிடம் இல்லை. அதையும் கேட்காதே.

நோன்புக் கஞ்சியில் வெந்தயத்தை அள்ளிப் போட்டால் கசக்கும். இத்தனை வயசாகியும் சிலருக்கு இது தெரியவில்லை.

நன்னி


பெர்ன்ஹில்
22-3-2024

அன்பு மெஹ்ரினுக்கு உன் சின்ன நன்னி நாஜ்னீன் ஸலாம் கூறி எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. உன் நன்னி நடந்ததைச் சொல்ல மாட்டாள் என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. வாசலில் இருமல் சத்தம். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, இருமினாள். திறந்தேன். கையில் சுவிட்சர்லாந்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, “பிள்ளை பரீட்சைக்கு அந்தக் காலண்டர் வேணும்” என்றாள்.

“யார்கிட்டக்கா கேக்கறீங்க? சுவர்கிட்டயா?” என்றேன்.

“உங்கிட்டத்தான்” என்றாள். உன் அம்மா நிக்காஹுக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான், கண்ணு.

அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் வாசலில் நிற்கிறவரை யாராவது திருப்பி அனுப்புவார்களா? பேரீச்சம்பழத்தை நீட்டினேன். அவளும் மறுக்க முடியாது. வாங்கிக்கொண்டாள். அப்புறம் கஞ்சி ஊற்றினேன். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வெந்தயம் ஜாஸ்தி என்றாள்.

காலண்டரை ஏன் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்று உனக்கும் தோன்றியிருக்கும். உன் பயிற்சியைப் பற்றிப் பஷீர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. நிக்காஹ் ஆல்பத்தில்கூட நான் பந்தியில் இருக்கிறேன், அவள் அடுப்படியில். கழற்றும்போது என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, முந்தானைக்குள் இருந்து இன்னொரு படத்தை எடுத்தாள். “இதுல டீத்தூள் இல்ல. மாட்டிக்க” என்றாள். அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. ஓட்டை அவள் பக்கம்தான். ஜனவரியிலேயே காலண்டர் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மழைக்கு முன்னால் தகர வேலைக்கு வேலாமணியை என் பக்கம் ஏணி சாய்த்து ஏற்றிவிடுகிறேன்.

அரிசி விஷயம் மட்டும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். அது வேகவில்லை.

நன்றாக எழுதித் தேறு என்று துஆ செய்யும்,
சின்ன நன்னி


சென்னை
6-5-2024

அன்புள்ள நன்னி,

ஸலாம். முதல் செய்தி உங்களுக்குத்தான், அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. தேறிவிட்டேன். சான்றிதழ் வந்துவிட்டது. கடைசிக் காலண்டரைக் கொடுத்தபோது மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கேருந்து வந்தது?” என்றார். “எங்க நன்னி போகாத வீட்டிலேருந்து” என்றேன். அன்று மாலையே பெயரை எழுதிவிட்டார்.

இனி மாமு கடைக்கு முறைப்படியே படம் எடுக்கலாம். ஒன்றே ஒன்று. பயிற்சியில் சொன்னது இது. படத்தில் ஆள் தெரிந்தால் அவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவதுதான் மரியாதை. போன தடவை நான் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த தடவை கேட்பேன்.

மழை வரப்போகிறதே, அந்த ஓட்டை என்ன ஆயிற்று? வட்டம் போட்ட படத்தை ஒரு தடவையாவது வெளிச்சத்தில் பார்த்தீர்களா?

உங்கள் பைலட்,
மெஹ்ரின்


பெர்ன்ஹில்
16-6-2024

என் பைலட் பேத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளை பக்ரீத். இங்கே மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் பழையபடி மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்லிவிட்டது. உன் சான்றிதழ் செய்தியைப் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். அழகையாவின் பசு கன்று போட்டுவிட்டது, காளை. அதற்கு ‘சுவிஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறான்.

வட்டம் போட்ட படத்தைப் பீரோவில் எலி தின்றுவிட்டது. அடுப்படி இப்போது ஒழுகவில்லை. வேலாமணி ஒருநாள் கூரையில் தட்டிக்கொண்டிருந்தான். யார் சொல்லி வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஏணி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அதையும் நான் மறக்கப் போவதில்லை. அந்த டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேலாமணியிடம் சொன்னேன்.

நாளைக்கு ஒரே அண்டாவில்தான் ஆக்குகிறோம். அரிசியை நான் பார்த்துக்கொள்வேன். வெந்துவிட்டதா என்று அடிக்கொருதரம் கேட்க இப்போதே ஆள் இருக்கிறது. பந்தியில் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை.

அடுத்த வருஷக் காலண்டருக்கு டிசம்பரில் வா. பஷீர் உனக்குக் கூலி தருவான், விடாமல் வாங்கு, இப்போது நீ சட்டப்படி ஆள். படத்தில் வருகிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சம்மதம். பக்கத்து வீட்டிலும் நானே கேட்டுவிட்டேன். சம்மதமாம்.

ஆனால் போன தடவை மாதிரி எங்களை இரண்டு முற்றத்திலும் தேடாதே. ஒன்றில் பார்த்தால் போதும். எந்த முற்றம் என்று இப்போது எழுத மாட்டேன், நீ மேலே இருந்து பார்த்துத் தெரிந்துகொள்.

மிளகாய் முறத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
நன்னி